சேதாரமும் காக்ஷோயும்: உலோகக் கழிவின் உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்நாட்டில் பொன்நகை வாங்கிய எவருக்கும் ‘செய்கூலி’, ‘சேதாரம்’ என்னும் இரண்டு சொற்களும் நன்கு பழக்கமானவை. செய்கூலி என்பது கைவேலைக்கான ஊதியம், அதில் ஐயமில்லை. சேதாரம் என்பதுதான் ஆராயத்தக்கது. பொன்னை மூசையில் இட்டு உருக்கும்போதும், கம்பியாக இழுக்கும்போதும், அராவும்போதும், மெருகிடும்போதும் சிறிதளவு குறையும். அக்குறையை ஈடு செய்வது வாங்குவோர் பொறுப்பு என்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் குறைந்த பொன் அழிந்துவிடுவதில்லை. அது பட்டறைத் தரையிலும், உமிச் சாம்பலிலும், தட்டாரின் ஆடையிலும், கைகழுவிய நீரிலும் கிடக்கிறது. வாங்குவோர் கணக்கில் சேதமானது மற்றொருவர் கணக்கில் வரவாகிறது. பட்டறை மண்ணை விலைக்கு வாங்கி அரித்துப் பொன்னெடுப்போரும், தட்டார் தெருச் சாக்கடையைப் பெருக்கிப் பிழைப்போரும் இன்றும் நம் நகரங்களில் உள்ளனர். கோயம்புத்தூரின் தட்டார் தெருக்களில் விடியற்காலையில் துடைப்பமும் தகரத் தட்டுமாக நிற்போரைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஆலைக் கழிவிலிருந்து அரிய உலோகங்களை மீட்கும் தொழிலின் வரலாற்றை வேதியியல் வரலாறாக எழுதுவதே பெரும்பான்மை வழக்கம். எந்த அமிலம், எந்த வெப்பநிலை, எந்த ஆண்டு என்பன அதில் முதன்மை பெறும். அவற்றை விலக்க இயலாது, விலக்கவும் வேண்டியதில்லை. எனினும் அவ்வரலாற்றின் உள்ளே இன்னொரு வினா தொடர்ந்து வருகிறது. கழிவு என்று பெயரிடப்பட்ட பொருளில் மதிப்பு இருப்பது தெரியவரும்போது அப்பொருள் யாருக்கு உரியதாகிறது? அதனைக் கையால் அள்ளுபவர்க்கா, அதனை ஒதுக்கி எறிந்தவர்க்கா, அதில் மதிப்பு உண்டெனக் கண்டறிந்தவர்க்கா? இவ்வினாவை முன்வைத்துச் சில நிகழ்ச்சிகளை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

அக்பரின் நாணயச்சாலை

இந்தியாவைப் பொறுத்தவரை இப்பொருள் பற்றிய விரிவான பழஞ்சான்று அபுல் ஃபசல் எழுதிய ‘ஆயினி அக்பரி’யில் கிடைக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட இந்நூல், முகலாயப் பேரரசின் நாணயச்சாலையில் பணிபுரிவோரை ஒருவர்பின் ஒருவராக வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரின் வேலையையும் ஊதியத்தையும் கூறுகிறது. மேற்பார்வையாளர், மாற்றுப் பார்ப்பவர், கணக்கர், எடையிடுவோர், உருக்குவோர், தகடு தட்டுவோர், முத்திரை இடுவோர் என நீளும் அவ்வரிசையின் பிற்பகுதியில்தான் கழிவோடு தொடர்புடையோர் இடம்பெறுகின்றனர். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அவ்விடத்திற்கு வருமுன் நாணயங்களின் எடைப் பட்டியலுக்குத் தாவிவிடுகின்றனர் என்பது என் கருத்து.

பொன்னைத் தூய்மைப்படுத்த அக்காலத்தில் கையாளப்பட்ட முறை நினைவிற்கொள்ளத்தக்கது. பொன்னைத் தகடாகத் தட்டி, உப்பும் செங்கல் தூளும் கலந்த பொடியைப் பூசி, சாண எருவால் மூடித் தீயிடுவர். பொன்னிலுள்ள வெள்ளி முதலிய கலப்புகள் மெல்ல வெளியேறிப் பொடியோடு சேரும். பலமுறை இவ்வாறு புடமிட்டபின் பொன் உரிய மாற்றை அடையும். எஞ்சுவன வெள்ளி ஏறிய பொடியும், பொன்துகள் கலந்த சாம்பலும். இவற்றைக் கழிவென எறியாமல் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. சாம்பலை ‘காக்கி கலாஸ்’ என்றனர். அதனைக் கழுவுபவர் ‘நியாரியா’. ஒரு தடவைக்கு இரண்டு சேர் சாம்பலை நீரில் இட்டு அவர் கழுவுவார். எடை மிகுந்த பொன் அடியில் தங்கும். அவ்வண்டலோடு பாதரசம் சேர்த்துத் தேய்த்தால் பொன் பாதரசத்தைப் பற்றிக்கொள்ளும். பின் வாலையிலிட்டுத் தீமூட்டிப் பாதரசத்தைப் பிரிப்பர். கழுவி வெளியேறிய சாம்பலிலும் சிறிது பொன் எஞ்சியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு ‘குக்ரா’ என்ற வேறொரு பெயரும், அதிலிருந்து எஞ்சியதை மீட்க வேறொரு முறையும் இருந்தன. கழிவின் கழிவுக்கும் பெயரிட்ட ஒரு தொழில்மரபு இது.

நியாரியாவுக்கு வேலைக்கேற்ற கூலி, தாம் கணக்கில் வகுக்கப்பட்டிருந்தது. அவருக்குப்பின், நகரத்துத் தட்டார்களிடம் இத்தகைய கழிவுகளை விலைக்கு வாங்கிவரும் ‘பைகார்’ குறிக்கப்படுகிறார். வரிசையின் ஈற்றில் நிற்பவர் ‘காக்ஷோய்’. பாரசீகத்தில் ‘காக்’ என்பது மண் அல்லது புழுதி. ‘ஷோய்’ கழுவுதலைக் குறிப்பது. மண்கழுவி என்று தமிழில் கூறலாம். பொன், வெள்ளி கொண்டுவந்தோர் அவற்றை நாணயமாக்கிக்கொண்டு சென்றபின் இவர் நாணயச்சாலையைப் பெருக்குவார். பெருக்கியதைத் தம் வீட்டுக்கே எடுத்துச் சென்று கழுவி, கிடைப்பதைத் தாமே வைத்துக்கொள்வார். இவர்களுள் சிலர் நல்ல செழிப்போடு வாழ்ந்தனர் என்று நூல் குறிப்பிடுகிறது. இவர் அரசுக்கு மாதந்தோறும் 12½ ரூபாய் செலுத்த வேண்டும்.

இச்செய்தியின் சிறப்பு அத்தொகையில் உள்ளது. காக்ஷோய்க்கு ஊதியம் இல்லை. மாறாக, அவரே அரசுக்குப் பணம் கட்டுகிறார். அதாவது நாணயச்சாலைக் குப்பையின் மேல் அவருக்கு ஓர் உரிமை இருந்தது. அவ்வுரிமைக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலை அரசுக் கணக்கில் ஏறியது. மொகலாய அரசு கருணையினால் இவ்வாறு செய்தது என்று நான் கூறவில்லை. புழுதியைக் கழுவிப் பிரிக்கும் கலை அவரிடமே இருந்தது; அரசின் கணக்கர்களுக்கு அதைச் செய்யத் தெரியாது. தெரிந்தவரிடமே விட்டு ஒரு தொகை பெறுவது ஆதாயம். உரிமையும் அறிவும் ஒரே கையில் இருந்த நிலை இது. ‘நியாரியா’ என்னும் சொல் வட இந்தியப் பொன்வினைத் தெருக்களில் இன்றும் வழங்குகிறது.

பீட்டர்ஸ்பர்க் எச்சம்

ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப்பின் மற்றொரு நாணயச்சாலையின் குப்பை உலகின் கவனத்தைப் பெற்றது. இடையில் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூற வேண்டும். தென்னமெரிக்காவின் நியூ கிரனடா பகுதியில் கிடைத்த பிளாட்டினத் தாதுவை அரச திராவகத்தில் கரைத்துத் தூய்மைப்படுத்தும் தொழிலை லண்டனில் வில்லியம் வொல்லாஸ்டன், ஸ்மித்சன் டென்னன்ட் இருவரும் 1800இல் கூட்டாகத் தொடங்கினர். கரைசலிலிருந்து பிளாட்டினம் பிரிந்தபின் எஞ்சியதில் பல்லேடியம், ரோடியம் ஆகிய தனிமங்களை வொல்லாஸ்டன் கண்டார். கரையாமல் நின்ற கரும்பொடியில் ஆஸ்மியம், இரிடியம் ஆகியவற்றை டென்னன்ட் கண்டார். 1802 முதல் 1804 வரையிலான மிகக் குறுகிய காலத்தில், ஒரே தொழிலின் கழிவிலிருந்து நான்கு புதிய தனிமங்கள் வெளிப்பட்டன. வொல்லாஸ்டன் தம் பிளாட்டினச் செய்முறையை இறுதிக்காலம் வரை வெளியிடவில்லை. பல்லேடியத்தையும் முதலில் தம் பெயர் சொல்லாமல், 1803இல் லண்டன் கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்தார். கண்டுபிடிப்பும் வணிகமும் அவரிடம் பிரியாமல் இருந்தன.

ருசியாவில் யூரல் மலையில் பிளாட்டினம் மிகுதியாகக் கிடைத்தது. அதனை என்ன செய்வதென்று அறியாத அரசு 1828இல் பிளாட்டின நாணயம் வெளியிடத் தொடங்கி, 1845இல் நிறுத்திக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் புனித பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலையில் கரையாத எச்சம் குவிந்தது. கசான் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் கார்ல் கிளாவுஸ் இதில் சிறிதளவு பெற்று ஆராய்ந்தார். பயனற்றதெனக் கருதப்பட்ட அப்பொருளில் குறிப்பிடத்தக்க அளவு பிளாட்டினமே எஞ்சியிருப்பதைக் கண்டு அரசுக்கு அறிவித்தார். மேலும் எச்சம் கிடைத்தது. 1844இல் அதனுள் ஒரு புதிய தனிமத்தைக் கண்டு, தம் நாட்டின் இலத்தீன் பெயரையொட்டி ருத்தேனியம் என்று பெயரிட்டார். ஆய்வுப் பொருள்களை நாவில் வைத்துச் சுவை பார்க்கும் வழக்கம் கிளாவுஸுக்கு இருந்தது. ஆஸ்மியத்தின் ஆக்சைடு கடும் நஞ்சு என்பதை நினைத்தால் அவர் பிழைத்திருந்ததே வியப்பு.

இங்கு ஓர் ஒப்பீடு பொருத்தமாகும். அக்பரின் நாணயச்சாலையில் குப்பையின் மதிப்பை அறிந்தவர் அதைப் பெருக்குபவர். பீட்டர்ஸ்பர்க்கில் அதனை அறிந்தவர் தொலைவிலிருந்த பேராசிரியர். சாலையில் பணிபுரிந்தோர்க்கு அவ்வெச்சத்தில் என்ன உள்ளதென்று தெரிய வழியில்லை. நீரும் பாதரசமும் போதுமான காலம் முடிந்து, தராசும் திராவகமும் கணக்கும் வேண்டிய காலம் தொடங்கிவிட்டது. கழிவின் மேலிருந்த உரிமை கையிலிருந்து நழுவியதற்கு இதுவே முதற்காரணம் எனத் தோன்றுகிறது.

ஈய அறையின் செவ்வண்டல்

19ஆம் நூற்றாண்டின் பெருந்தொழில் கந்தக அமிலம். கந்தகத்தையோ கந்தகத் தாதுவையோ எரித்து, எழும் வளியை ஈயத் தகடு வேய்ந்த பெரிய அறைகளுக்குள் செலுத்தி அமிலம் ஆக்கினர். அவ்வறைகளின் அடியில் வண்டல் படியும். அதனை அவ்வப்போது வாரி எறிவது தொழிலாளர் வேலை.

சுவீடனின் கிரிப்ஸ்ஹோம் என்னுமிடத்தில் இருந்த அமில ஆலையில் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியசும் கானும் பங்குதாரர்களாயினர். ஃபாலூன் சுரங்கத்திலிருந்து வந்த கந்தகத்தை எரித்தபோது மட்டும் அறையடியில் செந்நிற வண்டல் படிந்தது. அது பாடாணம் என அஞ்சி, ஆலையில் முன்னிருந்தோர் ஃபாலூன் கந்தகத்தையே தவிர்த்தனர். 1817இல் பெர்சீலியஸ் அவ்வண்டலை ஆராய்ந்தார். சூடேற்றியபோது முள்ளங்கி அழுகியதுபோன்ற நாற்றம் எழுந்ததால் டெல்லூரியம் எனக் கருதினார். மீண்டும் ஆராய்ந்து, அது அதுவரை அறியப்படாத தனிமம் என்று தெளிந்தார். டெல்லூரியத்தின் பெயர் நிலவுலகைக் குறிப்பதால், அதற்கு உடன்பிறந்தது போன்ற இதற்குக் கிரேக்கரின் நிலாத் தெய்வத்தின் பெயரையொட்டிச் செலினியம் என்று பெயரிட்டார். இத்தனிமத்தின் ஐதரசன் சேர்மத்தை முகர்ந்து சில மணி நேரம் மோப்ப உணர்வையே இழந்ததாக அவரே எழுதியுள்ளார். ஆலை வண்டலை நாள்தோறும் வாரியவர்களின் உணர்வுகள் என்னவாயின என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

செலினியத்தின் மேல் ஒளிபட்டால் அதன் மின்கடத்தல் மிகும் என்பதை 1873இல் வில்லோபி ஸ்மித் அறிவித்தார். ஒளியை மின்சாரமாக்கும் கலங்களுக்கும், பின்னாளில் நகலெடுக்கும் பொறிகளின் உருளைகளுக்கும் அதுவே அடிப்படையாயிற்று. இன்று செலினியம் பெரும்பாலும் செம்பு தூய்மைப்படுத்தும் மின்பகுப்புத் தொட்டியின் அடியில் படியும் சேற்றிலிருந்து கிடைக்கிறது. வேறொரு ஆலையின் வண்டல் என்பதைத் தவிர அதன் பிறப்பிடத்தில் மாற்றமில்லை.

செலினியக் கதை தாலியக் கதைக்கு வழிவிட்டது. செருமனியின் ஹார்ஸ் மலைப் பகுதியிலுள்ள டில்கரோடே அமில ஆலையின் வண்டலில் சில பவுண்டு, இளம் வேதியியலர் வில்லியம் குரூக்ஸிடம் செலினிய ஆய்வுக்காகத் தரப்பட்டிருந்தது. செலினியத்தைப் பிரித்தபின் எஞ்சியதை அவர் எறியாமல் வைத்திருந்தார். புன்சனும் கிர்க்காஃபும் நிறமாலைமானியை அறிமுகப்படுத்தியபின், 1861இல் டெல்லூரியம் உண்டா எனப் பார்க்க அவ்வெச்சத்தைத் தீச்சுடரில் காட்டினார். எங்கும் காணாத பசுங்கோடு ஒன்று தோன்றியது. தளிர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து தாலியம் என்று பெயர் வைத்தார்; செய்தியைத் தாமே நடத்திய இதழில் வெளியிட்டார். பிரான்சின் லீல் நகரத்தைச் சேர்ந்த குளோட் ஓகுஸ்த் லாமி, தம் உறவினர் குல்மான் நடத்திய அமில ஆலையின் வண்டலைப் பெற்று, 1862இல் அதனை உலோகக் கட்டியாகவே ஆக்கிக் காட்டினார். லண்டன் கண்காட்சியில் பதக்கம் யாருக்கு என்பதில் எழுந்த பூசல் பல காலம் நீடித்தது. கோட்டைக் கண்டவர் பெரியவரா, கட்டியைச் செய்தவர் பெரியவரா என்பது அப்பூசல். இன்று படிக்கையில், இருவர் பெருமையும் ஓர் ஆலைச் சேற்றைச் சார்ந்தது என்பதே மனத்தில் நிற்கிறது. லாமிக்குச் சேறு எளிதில் கிடைத்தது, ஆலை உறவினருடையது. தாலியம் பின்னர் எலி மருந்தாகவும், மனிதரைக் கொல்லும் நஞ்சாகவும் பெயர் பெற்றது.

1863இல் சாக்சனியின் ஃபிரைபெர்க் நகரில் ஃபெர்டினாண்ட் ரைஷ், துத்தநாகத் தாதுவில் தாலியத்தைத் தேடினார். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர் ஆகையால் தம் உதவியாளர் தியோடர் ரிக்டரை நிறமாலைமானியில் பார்க்கச் செய்தார். ரிக்டர் கண்டது அவுரி நீலக் கோடு. இந்தியாவின் அவுரியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினடியாகப் பிறந்த ‘இண்டியம்’ என்னும் பெயரில் இவ்வாறு நம் நாட்டின் பெயரும் கலந்துள்ளது. அத்தனிமத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பெரும்பயன் இல்லை. துத்தநாக உருக்காலைகளின் எச்சத்தில் அது கிடந்தது.

கோலார் மேடுகள்

இந்தியாவுக்குத் திரும்புவோம். மைசூர் அரசின் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் பணியைத் தொடங்கியது. நொறுக்கிய பாறைத்தூளைப் பாதரசம் பூசிய தகட்டின்மேல் ஓட்டிப் பொன்னெடுத்தனர். அக்பரின் நியாரியா செய்ததை நீராவி எந்திரம் பெருமளவில் செய்தது, அவ்வளவே. ஆயினும் நுண்ணிய பொன்துகள் தூளோடு போய்விடும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் உடன்பிறந்தாரும் 1887இல் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெற்றபின், எறியப்பட்ட தூளே புதிய தாதுவாயிற்று. கோலாரில் அம்முறை வேரூன்றியது. சயனைடில் கழுவப்பட்ட நுண்தூள் ஊரைச் சுற்றிக் குன்றுகளாகக் குவிந்தது. 13 மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் தூள் உள்ளது என மதிப்பிடப்படுகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் அங்கு எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன்.

அங்கு உழைத்தோரில் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களுக்கும் அத்தூளுக்கும் இருந்த சட்டத் தொடர்பு இவ்வரலாற்றில் முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் மைசூர் அரசு இயற்றிய சுரங்கச் சட்டங்கள், பொன் கலந்த பொருள் எதனையும் கணக்கின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கின. தொழிலாளர் குடியிருப்புகள் சோதிக்கப்பட்டன. 1930இல் கைரேகை பதிந்து ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை வந்தபோது தொழிலாளர் அனைவரும் வேலைநிறுத்தம் செய்தனர். அக்பரின் சாலையில் குப்பையை வீட்டுக்கு எடுத்துச் செல்வது பதிவு பெற்ற தொழில். கோலாரில் ஒரு பிடித் தூளை வீட்டில் வைத்திருப்பது களவு. ஒரே செயல் இரு காலங்களில் இரு பெயர் பெற்றது. இதனை நிறுவனத்தின் பேராசை என்று மட்டும் கூறி முடித்துவிட இயலாது. மறைவாகத் தாது கடத்திய குழுக்கள் அங்கு உண்மையாகவே இருந்தன. எனினும் குற்றம் எது என்பதை வரையறுக்கும் அதிகாரம் ஒரு பக்கமே இருந்தது என்பதும் உண்மை.

தூளோ வேறு வகையில் வீடுகளுக்குள் சென்றுகொண்டே இருந்தது. கோடைக் காற்றில் மேடுகளிலிருந்து எழும் வெண்புழுதி குடியிருப்புகளின் கூரையிலும் சோற்றிலும் படியும். அதனை எவரும் களவெனக் கருதவில்லை. பாறைத்தூளால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் அம்மக்களுக்குச் சுரங்கம் விட்டுச்சென்ற சொத்து. மேடுகளில் எஞ்சியுள்ள பொன்னை மீண்டும் எடுக்கும் மத்திய அரசின் முன்மொழிவுக்கு 2024 ஜூனில் கருநாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. ஒரு டன் தூளில் ஒரு கிராமுக்கும் குறைவான பொன்னே இருக்கும் என்றாலும், பொன்விலை ஏறியபின் அத்தகைய தூளும் தாதுவாகக் கருதப்படுகிறது.

மேட்டூரின் கரைசல்

பொன்னைப்போல் எவரும் அறிந்ததன்று காலியம். 1875இல் பிரெஞ்சு வேதியியலர் லெகாக் டி புவாபோத்ரான் பிரனீஸ் மலைத் துத்தநாகத் தாதுவில் இதனைக் கண்டார். இவ்வாறு ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று மெண்டலீவ் முன்பே கணித்திருந்தார். புவாபோத்ரான் அளந்த அடர்த்தி 4.7 எனக் கேட்டதும், தவறு, மீண்டும் அளக்கவும் என்று தாம் ஒருபோதும் பார்த்திராத உலோகத்தைப் பற்றி அவர் எழுதினார். மறுமுறை அளந்தபோது 5.9 வந்தது. உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும் இவ்வுலோகத்திற்குத் தனித் தாது இல்லை. அலுமினியத்தோடு ஒட்டி வாழ்வது இதன் இயல்பு.

பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கக் கார்ல் யோசஃப் பேயர் 1888 அளவில் வகுத்த முறையில், தாதுவை எரிசோடாக் கரைசலில் சூடாக்கிக் கரைப்பர். கரையாதது செஞ்சேறாக வெளியேறும். அலுமினா படிந்தபின் எரிசோடாக் கரைசல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும். பாக்சைட் டன் ஒன்றுக்கு 50 கிராம் அளவிலேயே இருக்கும் காலியம் அக்கரைசலில் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே வரும். அதனைப் பிரித்தெடுக்காத ஆலைக்கு அது வெறும் அழுக்கு.

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மதராஸ் அலுமினியம் கம்பெனி 1965 முதல் அலுமினியம் ஆக்கியது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் பேயர் கரைசலிலிருந்து மின்பகுப்பால் காலியம் பிரிப்பது பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். மேட்டூரிலும், உத்தரப்பிரதேசத்தின் ரேணுகூட்டிலுள்ள ஹிண்டால்கோ ஆலையிலும் காலியம் எடுக்கப்பட்டது. பின்னர் இரண்டிடத்தும் நின்றுபோயிற்று. மேட்டூர் உருக்காலையே 2008இல் மூடப்பட்டது. அக்காலத்தில் இம்முடிவைக் குறைகூற வணிக அடிப்படையில் காரணமில்லை. காலியத்தின் உலகத் தேவை மிகச் சிறிது; சீனாவின் அலுமினா ஆலைகள் குறைந்த விலைக்குத் தந்தன.

2023 ஜூலை 3இல் சீனா காலியம், ஜெர்மானியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு ஆகஸ்டு 1 முதல் உரிமம் வேண்டும் என்று அறிவித்தபோது நிலை மாறியது. உலகின் முதல்நிலைக் காலியத்தில் 100க்கு 95 பங்குக்கு மேல் அந்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு இந்திய அரசு வெளியிட்ட 30 இன்றியமையாக் கனிமங்களின் பட்டியலில் காலியம், ஜெர்மானியம், இண்டியம், செலினியம் ஆகிய யாவும் இருந்தன. மேட்டூரின் கரைசலில் சுற்றிய அழுக்கு இவ்வாறு நாட்டின் பாதுகாப்பு பற்றிய பொருளாயிற்று. அது நிகழ்ந்தபோது, அதனைப் பிரிக்கத் தெரிந்த தொழிலாளர் எப்போதோ பிரிந்து சென்றிருந்தனர். ஆய்வுக் கட்டுரைகள் நூலகத்தில் இருக்கும்; கரைசலின் நிறம் பார்த்துப் பக்குவம் அறியும் கண் நூலகத்தில் இராது.

இலக்குத் தகடும் ஆற்றங்கரையும்

இண்டியத்தின் பயனற்ற நூற்றாண்டு முடிந்தது தட்டைத் திரைகளால். கண்ணாடியின்மேல் ஒளி ஊடுருவக்கூடியதும் மின்சாரம் கடத்தக்கூடியதுமான மெல்லிய படலம் இட இண்டியம்–தகர ஆக்சைடு வேண்டும். அத்தகடு ஒன்றை வெற்றறையில் வைத்து அயனிகளால் தாக்கினால் அணுக்கள் தெறித்துக் கண்ணாடியில் படியும். தகட்டின் 100க்கு 30 பங்கு அளவே கண்ணாடியைச் சேரும். மீதி, தேய்ந்த தகடாகவும் அறைச் சுவரில் படிந்த தோலாகவும் நின்றுவிடும். இம்மீதியைச் சேகரித்து மீண்டும் தூய்மைப்படுத்துவது சப்பானிலும் தென்கொரியாவிலும் தனித் தொழிலாக வளர்ந்தது. சப்பானின் ஹொக்கைடோவில், ஒருகாலத்தில் உலகின் பெரும் இண்டியச் சுரங்கமாக இருந்த தோயோஹா 2006இல் மூடப்பட்டபின் இம்மீட்பு மேலும் இன்றியமையாததாயிற்று. தட்டாரின் சேதாரம் நூற்றுக்கு நூறு கணக்கிடப்படும் நிலை இது. ஆலைக்கும் மீட்பாளருக்கும் இடையே எடைச்சீட்டோடு தகடு செல்கிறது, உலோகமாகத் திரும்புகிறது. அதில் ஒருவரும் வறுமையால் துடைப்பம் ஏந்துவதில்லை. ஆயினும் இண்டியம்–தகர ஆக்சைடுத் தூளை முகர்ந்த தொழிலாளர்க்கு நேர்ந்த கடும் நுரையீரல் நோய் சப்பானிலேயே முதலில் கண்டறியப்பட்டது. தூய்மையான தொழிலிலும் தூள் தூளாகவே இருக்கிறது.

நம் நாட்டில் அத்தகைய ஒழுங்கு இன்னும் சிறுபான்மை. பித்தளைக்குப் பெயர்பெற்ற மொராதாபாத்தில் பித்தளைத் தொழில் நலிந்தபோது, உலோகத்தை உருக்கியறிந்த குடும்பங்கள் பல, மின்னணுச் சுற்றட்டைகளை எரித்துச் செம்பும் வெள்ளியும் பொன்னும் எடுக்கும் வேலைக்குச் சென்றன. எரித்த சாம்பலைப் பொடித்து நீரில் அரிக்கின்றனர். 2010களில் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்த கருஞ்சாம்பலை அகற்றத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட நேர்ந்தது. இவர்கள் செய்வது சட்டத்திற்குப் புறம்பானது. காற்றையும் நீரையும் தம் பிள்ளைகளின் குருதியையும் கெடுப்பது. அதனை மறுக்க இயலாது. ஆனால் ‘ஆயினி அக்பரி’யின் அப்பகுதியைப் படித்தபின் அவர்கள் வேலையைப் பார்ப்பவர்க்கு அது முற்றிலும் புதிதாகத் தோன்றாது. ஈரச் சாம்பலைத் தட்டில் ஏந்திச் சுழற்றும் கையசைவு நியாரியாவினுடையதே.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, கழிவிலிருந்து இன்றியமையாக் கனிமங்களை மீட்கும் ஆலைகளுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய மீட்பாளர்க்கென ஒதுக்கப்பட்டுள்ளது. பதிவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவும், முதலீட்டுக் கணக்கும் காட்டக்கூடியவர்களே அதற்கு விண்ணப்பிக்க இயலும். ஆற்றங்கரைக் குடும்பங்களிடம் இவற்றுள் எதுவும் இல்லை. அக்பரின் காக்ஷோயிடம் இருந்தது மாதம் 12½ ரூபாய் கட்டிய கணக்கு.